பெண் குதிரை பருவத்துக்கு வருவதைக் கண்டுபிடித்து, சரியான நாளில் இணை சேர்ப்பது எப்படி?

நம் ஊரில் குதிரை வளர்க்கத் தொடங்குகிறவர்களில் பலர் ஏற்கனவே மாடு வளர்த்தவர்கள். அந்தியூர் சந்தையில் ஒரு பெண் குதிரையைப் பிடித்து வருவார்கள், ஒரு வருஷம் ஓட்டுவார்கள், அப்புறம் குட்டி எடுக்கலாம் என்று ஆசை வரும். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. மாட்டுக் கணக்கு கையில் இருப்பதால் அதையே குதிரைக்கும் போட்டுவிடுகிறார்கள். காலையில் பருவத்துக்கு வந்தால் சாயங்காலம் சினை ஊசி, சாயங்காலம் வந்தால் மறுநாள் காலை ஊசி என்பது மாட்டுக்கு அருமையான விதி. குதிரைக்கு அந்த விதிப்படி முதல் நாளே பொலிகுதிரையிடம் (இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்கும் ஆண் குதிரை) கொண்டுபோய் ஒரு தடவை சேர்த்துவிட்டு வந்தால், பெரும்பாலும் காசும் போகும், மூன்று வாரமும் போகும்.

காரணம் இதுதான். மாடு ஒரு நாளுக்குள்தான் பருவத்தில் நிற்கும், அந்த அறிகுறி அடங்கிய பிறகு சுமார் 10 முதல் 12 மணி நேரம் கழித்துத்தான் சினைமுட்டை வெளிவரும். பெண் குதிரை 5 முதல் 7 நாள் வரை பருவத்தில் நிற்கும், முட்டை வெளிவருவது பருவம் முடிவதற்கு 24 முதல் 48 மணி நேரத்துக்கு *முன்பு*. அதாவது குதிரையிடம் பருவம் எப்போது ஆரம்பித்தது என்பதைவிட எப்போது முடிகிறது என்பதுதான் முக்கியமான தகவல். ஆனால் முடிவு வந்த பிறகுதான் அது முடிவு என்று நமக்குத் தெரியும், அதற்குள் முட்டையின் ஆயுளும் முடிந்திருக்கும். இந்தச் சிக்கலை எப்படிச் சமாளிப்பது என்பதற்குத்தான் கீழே உள்ள எல்லாம்.

சுழற்சியின் கணக்கு

ஒரு முட்டை வெளிவந்ததிலிருந்து அடுத்த முட்டை வெளிவருவது வரை சராசரியாக 21 நாள். ஒன்றிரண்டு நாள் கூடும், குறையும். அதில் 5 முதல் 7 நாள் ஆண் குதிரையை ஏற்றுக்கொள்ளும் காலம், மீதி 14, 15 நாள் கிட்டவே விடாத காலம். இந்த இரண்டாவது காலம் எல்லாக் குதிரைகளிடமும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும். நீண்டு சுருங்குவது பருவத்தில் நிற்கும் நாட்கள்தான்: ஒரு குதிரை 4 நாளில் முடித்துவிடும், இன்னொன்று 9 நாள் நிற்கும். ஆனால் ஒரே குதிரை வழக்கமான சுழற்சியில் இருக்கும்போது மாதாமாதம் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். அதனால் உங்கள் குதிரையின் வழக்கம் என்ன என்று தெரிந்து வைத்திருப்பது புத்தகத்தில் இருக்கும் சராசரியைவிடப் பயன்படும்.

முதல் பருவம் பொதுவாக ஒன்று முதல் இரண்டு வயதுக்குள் வந்துவிடும். வந்துவிட்டது என்பதற்காகச் சேர்க்காதீர்கள். எலும்பு வளர்ந்துகொண்டிருக்கும் வயது அது. குறைந்தது 3 வயது நிறையட்டும், 4 என்றால் இன்னும் நல்லது.

மாதமும் வெளிச்சமும்

குதிரை பகல் நீளும்போது பருவத்துக்கு வரும் விலங்கு. இருட்டில் மூளையில் சுரக்கும் மெலடோனின் இனப்பெருக்கச் சுரப்புகளை அடக்கி வைக்கிறது, இரவு சுருங்கச் சுருங்க அந்தப் பிடி தளர்கிறது. சினைக்காலம் 11 மாதம் என்பதால், வசந்தத்திலும் கோடையிலும் சேர்ந்தால் அடுத்த வருஷம் புல் தளிர்க்கும் காலத்தில் குட்டி விழும். குளிர் நாடுகளில் பிழைத்துக்கிடக்க இயற்கை போட்ட ஏற்பாடு.

இங்கிலாந்தில் பந்தயக் குதிரைகளுக்குப் பேர் போன நியூமார்க்கெட்டில் டிசம்பரில் பகல் 8 மணி நேரத்துக்கும் குறைவு, ஜூனில் 16 மணி நேரத்தைத் தாண்டும். அங்கே நவம்பர் முதல் பிப்ரவரி வரை பெரும்பாலான பெண் குதிரைகளின் சினைப்பை உறங்கிவிடும். அப்புறம் உடனே விழித்துக்கொள்ளாது, நடுவில் ஓர் இழுபறிக் காலம் உண்டு. அந்தச் சமயத்தில் குதிரை பத்து நாள், இருபது நாள் என்று பருவத்தில் நிற்கும், விடும், மறுபடி நிற்கும். சினைப்பையில் முட்டை அடங்கிய கொப்புளம் வளரும், ஆனால் வெடித்து முட்டை வராமலே சுருங்கிப்போகும். ஆண் குதிரையை ஆசையாக ஏற்றுக்கொள்ளும், கரு மட்டும் தங்காது. முதல் முட்டை வந்த பிறகுதான் 21 நாள் கணக்கு ஒழுங்காக ஓடத் தொடங்கும்.

பந்தயக் குதிரை வளர்ப்பவர்களுக்கு இது பெரிய தலைவலி. வட கோளத்தில் தரோபிரெட் என்னும் பந்தயக் குதிரை இனத்தின் எல்லாக் குட்டிகளுக்கும் ஜனவரி 1 அன்றுதான் வயது கூடும், இந்தியாவிலும் அதே கணக்குதான், தெற்கே ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் ஆகஸ்ட் 1. ஏப்ரலில் பிறந்த குட்டியும் ஜனவரியில் பிறந்த குட்டியும் ஒரே வயதுப் பிரிவில்தான் ஓட வேண்டும். அதனால் ஜனவரி, பிப்ரவரியிலேயே குட்டி விழ வேண்டும் என்று, டிசம்பர் தொடக்கத்திலிருந்தே லாயத்தில் விளக்குப் போட்டுப் பகலை நீட்டுகிறார்கள். இயற்கை வெளிச்சமும் விளக்கும் சேர்த்து 16 மணி நேரம் வர வேண்டும். விடியலுக்கு முன் போடுவதைவிடப் பொழுது சாய்ந்ததும் தொடர்ந்து போடுவது நல்ல பலன் தரும். குதிரை நிற்கும் இடத்தில் நின்று செய்தித்தாள் படிக்க முடிகிற அளவு வெளிச்சம் போதும். 24 மணி நேரமும் எரியவிட்டால் வேலை செய்யாது, இரவும் வேண்டும். பலன் தெரிய இரண்டிலிருந்து இரண்டரை மாதம் ஆகும், நடுவில் விட்டுவிட்டால் பட்ட பாடு வீண்.

சரி, நமக்கு? அந்தியூர் பக்கம் மிக நீண்ட பகல் 13 மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு, மிகக் குறுகிய பகல் சுமார் பதினொன்றரை மணி நேரம். வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. பூமத்திய ரேகைக்கு அருகே போகப் போக இந்தப் பருவ அடைப்பு தளர்ந்துவிடும், வருஷம் முழுக்கச் சுழற்சியில் இருக்கும் குதிரைகள் அதிகம். மார்வாரிக் குதிரைகளின் சொந்த ஊரான ஜோத்பூர்ப் பக்கம் குளிர்காலப் பகல் பத்தரை மணி நேரம்தான், ஆக அங்கே வளர்க்கிறவர்கள் சொல்லும் மாதக் கணக்கை அப்படியே இங்கே தூக்கி வந்து போடாதீர்கள். தமிழ்நாட்டில் குதிரைக்கு விளக்குப் போடும் செலவைத் தீனியில் போடுங்கள் என்பதுதான் என் உறுதியான கருத்து. இங்கே சுழற்சியை நிறுத்துவது இருட்டைவிடப் பெரும்பாலும் மெலிவுதான். காய்ந்த தட்டையும் சோளத்தட்டும் மட்டும் தின்று, கல்யாண ஊர்வலத்துக்கும் சாரட்டுக்கும் ஓடிக்கொண்டிருக்கிற குதிரையிடம் ஒழுங்கான பருவத்தை எதிர்பார்க்க முடியாது. விலா எலும்பு கண்ணுக்குத் தெரியக் கூடாது, ஆனால் கை வைத்துத் தடவினால் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். அந்த உடம்பு வரும் வரை சேர்க்கையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். குடற்புழு நீக்கம், பல் பார்ப்பது எல்லாம் இதற்குள் அடக்கம். பல் கூர்மையாகி மெல்ல முடியாமல் மெலிந்த குதிரைக்கு எத்தனை கிலோ கொள்ளு போட்டாலும் உடம்பில் ஒட்டாது.

அறிகுறிகள்

மாட்டைப் போலக் குதிரையிடம் கண்ணாடி மாதிரிச் சளி தொங்கும் என்று காத்திருக்காதீர்கள், அது இங்கே கணக்கில்லை. கத்துவதும் கணக்கில்லை. பார்க்க வேண்டியவை வேறு. வாலைத் தூக்கி ஒரு பக்கமாக ஒதுக்கும். பின்னங்கால்களை அகட்டி இடுப்பைத் தாழ்த்தி நிற்கும். கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீர் விடும், அது வழக்கத்தைவிடக் கெட்டியாக மஞ்சளாக இருக்கலாம். பிறப்புறுப்பின் இதழ்கள் விட்டுவிட்டுத் திறந்து மூடும், உள்ளே இளஞ்சிவப்புச் சதை வந்து வந்து தெரியும். எனக்குத் தெரிந்து இதுதான் மிகவும் நம்பத்தக்க அடையாளம். ஆண் குதிரை பக்கம் சாயும், பின்பக்கத்தைத் திருப்பிக் கொடுக்கும்.

பருவம் இல்லாத குதிரை இதற்கு நேர் எதிர். காதைப் பின்னால் மடக்கும், வாலைக் கால் இடுக்கில் இறுக்கும், கீச்சென்று கத்திக் கடிக்க வரும், உதைக்கும்.

இதில் ஓர் எச்சரிக்கை. அடிக்கடி சிறுநீர் விடுவது எல்லாம் பருவம் இல்லை. வாரக்கணக்கில் ஒரே மாதிரி நிற்கிறது, சிறுநீர் கழிக்கும்போது முக்குகிறது, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது என்றால் சிறுநீர்த் தொற்றோ வேறு வலியோ இருக்கலாம். பெண் குதிரை ஆண் குதிரை மாதிரி மற்ற குதிரைகள் மேல் ஏறுவது, முரட்டுத்தனம் காட்டுவது என்று போனால் சினைப்பையில் கட்டி இருக்கிறதா என்று மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பருவ நாட்களில் சவாரியின்போது கவனம் சிதறுவதும் சிடுசிடுப்பதும் சகஜம், அதற்காகச் சாட்டையை எடுக்காதீர்கள்.

பொலிகுதிரையைக் காட்டிப் பார்ப்பது

தனியாக நிற்கும் பெண் குதிரை பல சமயம் எதையும் வெளிக்காட்டாது. ஆண் குதிரையின் முன்னால் நிறுத்தினால்தான் உண்மை தெரியும். இதை ஒருநாள் விட்டு ஒருநாள் செய்ய வேண்டும், நினைவு வரும்போது செய்தால் பயன் இல்லை. நடுவில் கெட்டியான பலகைத் தடுப்போ சுவரோ இருக்கட்டும், குதிரையின் நெஞ்சு உயரத்துக்கு, கால் நுழையும் சந்து இல்லாமல். கம்பி வேலிக்கு இரு பக்கமும் நிறுத்திக் காட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதறுகிறது, ஒரே உதையில் கால் கம்பிக்குள் மாட்டிக் குதிரை வாழ்நாள் நொண்டியாகிவிடும். இரண்டு பேர் வேண்டும், ஆளுக்கு ஒரு குதிரை, இருவரும் குதிரையின் தோள் பக்கம் நிற்க வேண்டும், பின்னால் யாரும் நிற்கக் கூடாது, குழந்தைகள் அந்தப் பக்கமே வரக் கூடாது.

முகத்தோடு முகம் மோப்பம் பிடிக்கவிட்டு, அப்புறம் கழுத்து, விலா, பின்பக்கம் என்று பொறுமையாக நகர்த்துங்கள். முதல் நிமிஷம் கீச்சென்று கத்தும் குதிரைகள் சில, நான்கைந்து நிமிஷத்தில் இறங்கி வந்து அறிகுறி காட்டும். அவசரப்பட்டு இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். குட்டியோடு இருக்கும் தாய் பயத்தில் மறைத்துக்கொள்ளும், அதன் குட்டியைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி பாதுகாப்பாகப் பிடித்துக்கொண்டு பாருங்கள். பொலிகுதிரை பக்கத்தில் இல்லை என்றால் காயடித்த குதிரையின் அருகே நிறுத்தினாலும் சில குதிரைகள் காட்டிவிடும், ஆனால் முழுசாக நம்ப முடியாது. அந்த நிலையில் ஸ்கேன்தான் வழி.

ஒவ்வொரு முறையும் எழுதி வையுங்கள். நோட்டு வேண்டாம், லாயத்துச் சுவரில் மாட்டிய காலண்டரே போதும். உதைத்தால் 0, கண்டுகொள்ளாமல் நின்றால் 1, லேசாக ஆர்வம் என்றால் 2, வால் தூக்கிச் சிறுநீர் விட்டால் 3, இடுப்பைத் தாழ்த்தி அசையாமல் நின்றால் 4. இரண்டு சுழற்சி இப்படி எழுதிவிட்டால் உங்கள் குதிரை எத்தனை நாள் நிற்கும் என்பது கையில் இருக்கும். சேர்க்கையை மூன்றாவது சுழற்சியில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த நாள் சேர்ப்பது

ஆண் குதிரையின் விந்தில் இருக்கும் உயிரணு பெண் குதிரையின் உடம்பில் 48 மணி நேரம் நன்றாகத் தாக்குப்பிடிக்கும், சில ஆண் குதிரைகளுடையது அதற்கு மேலும் நிற்கும். முட்டையோ வெளிவந்த பிறகு சுமார் 12 மணி நேரம்தான். ஆகவே முட்டை வரும்போது உயிரணு ஏற்கனவே அங்கே காத்திருக்க வேண்டும். ஸ்கேன் வசதி இல்லாதவர்களுக்கு இதற்கு ஒரே எளிய வழி: பருவத்தின் மூன்றாவது நாளில் தொடங்கி, ஒருநாள் விட்டு ஒருநாள், பெண் குதிரை மறுக்கும் வரை சேர்ப்பது.

உதாரணமாக மார்ச் 3 அன்று பருவம் தொடங்கியது என்று வைத்துக்கொள்வோம். 5, 7, 9 ஆகிய நாட்களில் சேர்க்கிறீர்கள். 10ஆம் தேதி காதை மடக்கி உதைக்கிறது. அப்படியென்றால் முட்டை 8ஆம் தேதி வாக்கில் வந்திருக்கும், 7ஆம் தேதிச் சேர்க்கையின் உயிரணு அப்போது அங்கே இருந்திருக்கும். 3ஆம் தேதி மட்டும் சேர்த்துவிட்டு வீட்டுக்குக் கூட்டிப்போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பொலிகுதிரை வைத்திருப்பவரிடம் பேசும்போதே இதைப் பேசி முடியுங்கள். ஒரு சேர்க்கைக்கு இவ்வளவு என்று பேசாமல், ஒரு பருவத்துக்கு இவ்வளவு என்று பேசுங்கள், பெண் குதிரையை ஒரு வாரம் அங்கேயே கட்டிவைக்க இடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். சேர்ப்பதற்கு முன் இரண்டு குதிரைக்கும் ரத்தப் பரிசோதனை வேண்டும். கிளாண்டர்ஸ் மனிதருக்கும் தொற்றும் நோய், அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய். ஹரியானாவின் ஹிசாரில் உள்ள தேசிய குதிரையின ஆராய்ச்சி மையம் இந்தப் பரிசோதனைகளைச் செய்கிறது, மாதிரி அனுப்பும் வழியை உங்கள் கால்நடை மருத்துவர் சொல்வார். சேர்க்கும் நாளில் வாலுக்குச் சுத்தமான துணி சுற்றி, பின்பக்கத்தை வெறும் தண்ணீரில் கழுவித் துடையுங்கள். கிருமிநாசினி ஊற்றிக் கழுவுவது வேண்டாத வேலை, உயிரணுவுக்கும் அது ஆகாது.

ஸ்கேன் வசதி இருந்தால் வேலை பாதியாகக் குறையும். கொப்புளம் 35 மி.மீ. தாண்டி, கருப்பையில் வீக்க மடிப்புகள் தெரிந்தால் நேரம் நெருங்கிவிட்டது. அந்தச் சமயத்தில் மருத்துவர் போடும் ஒரு ஊசியால் 36 முதல் 48 மணி நேரத்துக்குள் முட்டையை வரவைக்கலாம், ஒரே ஒரு சேர்க்கை போதும். சென்னை வேப்பேரி, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் குதிரைக்கு ஸ்கேன் பார்ப்பது பற்றி முன்கூட்டியே விசாரித்து வையுங்கள், பருவம் வந்த பிறகு தேடி ஓடாதீர்கள்.

பருவத்தைச் சீக்கிரம் வரவைக்கும் புரோஸ்டாகிளாண்டின் ஊசியைப் பற்றியும் சொல்ல வேண்டும், மாட்டுக்குப் போட்டுப் பழகிய மருந்து என்பதால் பலர் தாங்களே போட்டுவிடுகிறார்கள். முட்டை வந்து 5 நாள் ஆவதற்கு முன் போட்டால் சரியாகப் பலிக்காது. அதற்குப் பிறகு போட்டால் 2 முதல் 5 நாளில் பருவம் வரும். குதிரை சினையாக இருந்தால் கலைந்துவிடும். போட்ட சில நிமிஷத்தில் குதிரைக்கு வியர்த்துக் கொட்டும், வயிற்று வலி வந்த மாதிரி தவிக்கும், ஒரு மணி நேரத்துக்குள் பொதுவாக அடங்கும். இந்த மருந்து தோல் வழியாக மனித உடம்பிலும் ஏறும். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் பாட்டிலைத் தொடவே கூடாது. மருத்துவர் கையால் மட்டும் போட வேண்டிய ஊசி இது.

குட்டி ஈன்ற பிறகு வரும் பருவம்

குதிரை குட்டி ஈன்ற 5 முதல் 12 நாளுக்குள் மறுபடி பருவத்துக்கு வந்துவிடும். மாட்டுக்காரர்களுக்கு நம்பவே முடியாத வேகம். வருஷத்துக்கு ஒரு குட்டி வேண்டும் என்கிறவர்கள் இதிலேயே சேர்ப்பார்கள். நான் இதை அவ்வளவாக விரும்புவதில்லை. கருப்பை பழைய நிலைக்குத் திரும்ப இரண்டு வாரமாவது வேண்டும், முட்டை 10ஆம் நாளுக்கு முன்பே வந்துவிட்டால் கரு தங்கும் வாய்ப்பு குறைவு. ஈனும்போது சிரமப்பட்டிருந்தால், நஞ்சுக்கொடி 3 மணி நேரத்துக்கு மேல் விழாமல் இருந்தால், கிழிசல் இருந்தால், நாற்றத்தோடு ஏதாவது ஒழுகினால், இந்தப் பருவத்தைக் கட்டாயம் விட்டுவிடுங்கள். அடுத்தது மூன்று வாரத்தில் வரத்தான் போகிறது. அதே நாட்களில் குட்டிக்குக் கழிச்சல் கண்டால் தாயின் பருவச் சூடு பாலில் இறங்கிவிட்டது என்பார்கள், அது உண்மை இல்லை. குட்டியின் குடல் மாறிக்கொண்டிருக்கும் வயது, அவ்வளவுதான். குட்டி சுறுசுறுப்பாகப் பால் குடிக்கும் வரை பயம் இல்லை. சோர்ந்து படுத்தாலோ பால் குடிப்பதை விட்டாலோ உடனே மருத்துவர்.

சேர்த்த பிறகு

திரும்பப் பருவத்துக்கு வரவில்லை என்பதை மட்டும் வைத்துச் சினை என்று முடிவு செய்யாதீர்கள். முட்டை வந்த 14 முதல் 16 நாளுக்குள் முதல் ஸ்கேன் எடுக்க வேண்டும், நம் உதாரணத்தில் மார்ச் 22 முதல் 24. இந்தத் தேதியை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இரட்டைக் கரு. குதிரையின் கருப்பை இரண்டைத் தாங்காது, பெரும்பாலும் இரண்டும் கடைசி மாதங்களில் கலையும், தாயின் உயிருக்கும் ஆபத்து. 16 நாள் வரை கரு கருப்பைக்குள் அங்குமிங்கும் நகர்ந்துகொண்டிருக்கும், அப்போது மருத்துவரால் ஒன்றைப் பிரித்து நசுக்கிவிட்டு மற்றதைக் காப்பாற்ற முடியும். ஓரிடத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்ட பிறகு அது கஷ்டம்.

இரண்டாவது ஸ்கேன் 28 முதல் 30 நாளுக்குள், கருவின் இதயத் துடிப்பு தெரியும். 35 நாள் தாண்டிவிட்டால் கருப்பையில் தனியாக ஒரு சுரப்பு தொடங்கிவிடும், அதற்குப் பிறகு கரு கலைந்தாலும் சுமார் 120 நாள் வரை குதிரை ஒழுங்கான பருவத்துக்குத் திரும்பாது, அந்த வருஷமே போய்விடும். அதனால்தான் சந்தேகம் எதுவாக இருந்தாலும் 35க்குள் தீர்த்துக்கொள்ள வேண்டும். அதேபோல, சினைக் குதிரைகளில் சில நடுவில் பருவ அறிகுறி காட்டும். ஸ்கேன் பார்க்காமல் மறுபடி சேர்த்துவிடாதீர்கள், இருக்கிற கருவையும் இழப்பீர்கள்.

சினைக்காலம் சராசரி 340 நாள், 320லிருந்து 365 வரை போவதும் இயல்புதான். மார்ச் 8 அன்று தங்கிய கருவுக்கு அடுத்த வருஷம் பிப்ரவரி 11 வாக்கில் குட்டி. குட்டியின் வளர்ச்சியில் பெரும் பங்கு கடைசி மூன்று மாதத்தில்தான் என்பதால், காலண்டரில் நவம்பர் நடுவில் ஒரு வட்டம் போட்டு, அன்றிலிருந்து தீனியைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள், ஊர்வல வேலையையும் நிறுத்திவிடுங்கள்.